மெலிந்த கையும் கைத்துப்பாக்கியும்: ஓர் ஆராய்ச்சி

கையில் வலுக் குறைந்த ஒருவர், சட்டம் இடங்கொடுத்த முறையில், தற்காப்பின் பொருட்டுக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்ள நேர்ந்தால் எத்தகையதைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு ஆயுத வியாபாரியின் கடையோடு முடிந்துபோகும் சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் உடற்கூறு, யந்திர நுட்பம், நாட்டின் சட்டம், மனிதனுடைய விவேகம் ஆகிய நான்கையும் ஒருங்கே தொட்டுச் செல்லும் கேள்வி அது. நான்கில் ஒன்றை விட்டுவிட்டு விடை சொன்னாலும் அந்த விடை பிழைபட்டு, பிழையின் பலன் உயிர்ச்சேதமாக முடியக்கூடும். ஆதலால் அதை அவசரமின்றி, முழுமையாக ஆராய்வது அவசியமாகிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என விரிந்து கிடக்கும் கரிசல் சீமையில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள் அரியர். ஆனால் அந்த அரியவர்களின் இயல்பை நோக்கினால் நம் கேள்வி எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும். தீப்பெட்டித் தொழில் நடத்தி வாரக் கூலிக்குப் பணத்தோடு போய் வந்தவர், நகைக்கடைக்காரர், ஊருக்குத் தொலைவில் தோட்டத்து வீட்டில் தனித்து வாழ்பவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் ஆகியோரே பெரும்பாலும் இத்தகைய லைசென்ஸை நாடுகிறவர்கள். லைசென்ஸ் வாங்கியபோது இருந்த கை, முப்பது ஆண்டு கழிந்த பின் அதே கையாக இருப்பதில்லை. நீரிழிவால் விரல் மூட்டுகள் இறுகியவர்களும், கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்ந்தவர்களும், 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் நெடுங்காலம் மணிக்கட்டு வலியோடு காலந்தள்ளியவர்களும் நம்மிடையே உண்டு. இளமையில் பருத்திமார் பிடுங்கிய கையே முதுமையில் மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்கப் பிறர் உதவியை நாடுகிறது.

கரிசல் சீமையும் ஆயுதமும்

இந்தச் சீமைக்கும் ஆயுதத்துக்கும் உள்ள சம்பந்தம் நீண்ட சரித்திரம் உடையது. 1799-இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதற்கும், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டதற்கும் பின்னர், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் பிரகடனம் செய்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த நிராயுத நிலையைத் தேசம் முழுமைக்கும் நிரந்தரமாக்கியது. அதற்குப் பின் கைத்துப்பாக்கி இந்த மண்ணில் சரித்திரத்தின் கண்ணுக்குத் தென்பட்ட சந்தர்ப்பம், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, அதே ஆயுதத்தால் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டதாகும். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் பிஸ்டல். அக்காலத்துப் பிரவுனிங் பிஸ்டல்களை உலகெங்கும் பிரபலமாக்கியதும், 1899-இல் அவற்றோடு பிறந்ததுமான .32 ஏசிபி என்னும் சிறு தோட்டாவே, இன்று இந்தியக் குடிமகன் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய பிஸ்டல் தோட்டாக்களில் முக்கியமாக விளங்குகிறது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. பயிர்க் காவலுக்கோ தற்காப்புக்கோ கேட்பவருக்கு அச்சட்டம் முதலில் எண்ணிப் பார்ப்பது நீண்ட துப்பாக்கியையே: குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான தோட்டாத் துப்பாக்கி, அல்லது பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்ற காரணத்தைக் கொண்டு ஒருவர் ரிவால்வர் கேட்க முடியாது; கேட்டாலும் அது அந்த வேலைக்கு உதவாது. தம் உயிருக்குத் தனிப்பட்ட அபாயம் உண்டென்று மாவட்ட ஆட்சியருக்கும் காவல்துறைக்கும் புலப்படுத்தியவருக்கே கைத்துப்பாக்கி கிட்டும். 9 மில்லிமீட்டர், .38, .455 போன்ற, படையும் காவல்துறையும் கையாளும் அளவுகள் குடிமக்களுக்கு விலக்கப்பட்டவை. தனியார் வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்வதும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து, பெயர்பெற்ற விளையாட்டு வீரர்கள் நீங்கலாக, ஏறத்தாழ அடைபட்டுப் போயிற்று. ஆகவே சாதாரணக் குடிமகன் முன் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் .32 அளவு ரிவால்வர், .32 அளவு பிஸ்டல், .22 அளவுச் சிறு ஆயுதம் என்னும் மூன்றே. கட்டுப்பாட்டின் நோக்கத்தோடு வகுக்கப்பட்ட இந்த எல்லை, வலுக் குறைந்த கைக்கு எதிர்பாராத அனுகூலமாகவும் அமைந்துவிட்டது என்பதே இந்த ஆராய்ச்சியில் முதலில் கவனிக்கத்தக்க செய்தி.

கையின் வலு என்பது ஒன்றன்று

மருத்துவர்கள் கைப்பிடியின் வலுவை ஒரு கருவியால் அளக்கிறார்கள். ஆசிய மக்களுக்கென 2019-இல் வகுக்கப்பட்ட மருத்துவ வரையறையின்படி, பிடிவலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் அது வலுக் குறைவாகக் கருதப்படும். ஆனால் துப்பாக்கியைக் கையாளும் கைக்கு இந்த ஒற்றை எண் போதாது. ஆயுதத்தை அசையாமல் பற்றுவது உள்ளங்கையும் கடை மூன்று விரல்களும் செய்யும் வேலை. டிரிக்கரை இழுப்பது ஆள்காட்டி விரல் தனித்துச் செய்யும் வேலை. தாழை விடுவிப்பதும் பிஸ்டலின் தோட்டாக் கூடாகிய மேகஸினில் தோட்டாவை அழுத்தித் திணிப்பதும் கட்டைவிரலின் வேலை. பிஸ்டலின் மேலுறையாகிய ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பது இரு கைகளும் தோளும் சேர்ந்து செய்யும் வேலை. இவற்றில் ஒன்றில் தளர்ந்தவர் மற்றொன்றில் திடமாக இருக்கலாம். கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்ந்தவருக்கு மேகஸின் பெரும்பகை. அவருடைய ஆள்காட்டி விரல் எவ்விதக் குறையும் இன்றி இருக்கக்கூடும். விரல் நரம்பு நலிந்தவருக்கோ டிரிக்கரே தடை. ஸ்லைடை இழுக்க அவர் சிரமப்படுவதில்லை. ஆகவே எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்குமுன், இந்தக் கையால் எந்தக் காரியம் இயலவில்லை என்று கேட்டறிவதே முறையாகும்.

உதைப்பின் கணக்கு

வலுக் குறைந்தவர் முதலில் அஞ்சுவது உதைப்புக்கு. குண்டும் மருந்து வாயுவும் முன்னோக்கிச் செல்லும் உந்தத்துக்குச் சரியான அளவு துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இந்தத் தள்ளலைத் துப்பாக்கியின் எடை பகிர்ந்துகொள்ள, மீதியைக் கை ஏற்கிறது. .32 ரிவால்வரில் பயன்படும் .32 எஸ் அண்டு டபிள்யூ லாங் என்னும் தோட்டா 1896-இல் தோன்றியது. சுமார் ஆறேகால் கிராம் எடையுள்ள குண்டை, நொடிக்கு இருநூறு மீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் செலுத்துவது. படைவீரர் கையாளும் 9 மில்லிமீட்டர்த் தோட்டா தரும் உந்தம் இதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே நம் சட்டம் விட்டுவைத்த .32 தோட்டா சாதுவான தோட்டா; துல்லியமானதும் கூட. சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளில், 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில், விதியின் எல்லைக்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளும் உரிமையுள்ள வீரர்கள் பலரும் இதே .32 தோட்டாவையே விரும்பி எடுப்பது அதன் அமைதியான உதைப்பை உத்தேசித்தே.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கை மெலிந்தது, ஆதலால் துப்பாக்கியும் இலேசானதாக இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த எண்ணம் பாதிதான் சரி. கனமான மண்வெட்டி தன் எடையாலேயே மண்ணில் இறங்க, இலேசான மண்வெட்டிக்கு நம் தோளின் பலத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருப்பது போல, இலேசான துப்பாக்கி தான் தாங்க வேண்டிய பங்கைக் கையின் மேல் ஏற்றிவிடுகிறது. தோட்டா மாறாதிருக்க, துப்பாக்கியின் எடை 750 கிராமிலிருந்து 500 கிராமாகக் குறையுமானால், அது பின்னோக்கிப் பாயும் வேகமும் உதைப்பின் சக்தியும் ஒன்றரை மடங்காகின்றன. நாள் முழுதும் இடுப்பில் சுமப்பவருக்கு இலேசு நன்மை. வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைத்துத் தற்காப்புக்கு மட்டும் எடுக்க நினைப்பவருக்கு எடையே நண்பன்.

டிரிக்கரின் கனம்

உதைப்பைவிட டிரிக்கரே மெலிந்த கைக்குப் பெரிய இடையூறு என்பது என் திடமான அபிப்பிராயம். ரிவால்வரின் டிரிக்கரை நேராக இழுக்கும்போது சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, தோட்டாக்கள் அடங்கிய உருளையையும் சுழற்றி, பிறகே வெடிக்கச் செய்ய வேண்டியிருப்பதால், அதற்குச் சுமார் ஐந்து கிலோ இழுவிசை வேண்டியிருக்கும். எழுநூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளைக் கையில் தாங்கியபடியே அதன் எடையைப் போல் ஏழு மடங்கு விசையால் அதன் ஒரு பாகத்தை இழுத்தால், பொருள் அசையாதிருக்குமா? வாய் கீழே தாழும், அல்லது பக்கவாட்டில் விலகும். குண்டு குறி தவறும். குறி தவறிய குண்டு யாரைத் தீண்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. போட்டிகளில் பயன்படும் 25 மீட்டர் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச இழுவிசை ஒரே ஒரு கிலோ என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், டிரிக்கரின் கனம் துல்லியத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பது தெளிவாகும்.

சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னதாகவே பின்னுக்கு மடக்கி வைத்துக்கொண்டால் இழுவிசை இரண்டு கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு கை துப்பாக்கியைப் பற்றியிருக்க, மற்றக் கையின் கட்டைவிரலால் இதைச் செய்வது மெலிந்த கையினருக்குச் சௌகரியமான உபாயம். ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. பதற்றத்தில், மடக்கிய சுத்தியலோடு நிற்கும் ஆயுதம் எண்ணாமலே வெடித்துவிடலாம். சுடத் தேவையில்லாமற் போனபோது சுத்தியலை மெல்ல இறக்கி வைப்பதற்கு, அதை ஏற்றுவதற்கு வேண்டிய வலுவையும் விஞ்சிய நிதானமும் பிடிமானமும் வேண்டும். ஆகவே இந்த உபாயத்தை வெற்றுத் துப்பாக்கியில் நெடுநாள் பழகி, இறக்குவதிலும் தேர்ந்தவரே கைக்கொள்ளலாம்.

பிஸ்டலா, ரிவால்வரா?

பிஸ்டலின் டிரிக்கர் பெரும்பாலும் இலகு, உருவம் மெல்லியது, ஆயினும் அதைச் சுடத் தயார் செய்வதே மெலிந்த கைக்குப் பெரும்பாடு. .32 ஏசிபி வகைப் பிஸ்டல்களில் பல, வெடிப்பின் விசையை ஸ்லைடின் எடையாலும் சுருள்வில்லின் இறுக்கத்தாலும் மட்டுமே தாங்குபவை. அதனால் வில் இறுக்கமாக அமைய, ஸ்லைடை இழுப்பது கடினமாகிறது. ஸ்லைடை ஒரு கை பின்னுக்கு இழுக்க, பிடியை மறுகை முன்னுக்குத் தள்ள, இரண்டையும் மார்புக்கு அருகே வைத்து, வாய் ஆபத்தற்ற திசையை நோக்கியிருக்கும்படி செய்யும் முறையால் சிரமம் பெரிதும் குறையும். அப்போதும் தோட்டா சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்க மறுபடியும் அதே வலுத் தேவைப்படும். மணிக்கட்டுத் தளர்ந்த பிடியில் பிஸ்டல் முழுதும் இயங்காமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஸ்லைடு பின்னே வரும்போது சட்டகம் உறுதியாக நின்றாலன்றி யந்திரம் தன் சுற்றை முடிப்பதில்லை. அதாவது எந்தக் கையால் சிக்கலை விடுவிக்க இயலாதோ, அந்தக் கையிலேயே சிக்கல் மிகுதியாக நேர்கிறது.

மேல்நாடுகளில் இக்குறைக்குப் பரிகாரம் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸன் கம்பெனி 2018-இல் வெளியிட்ட .380 ஷீல்டு ஈஸி என்னும் பிஸ்டல், ஸ்லைடையும் மேகஸினையும் எளிதில் இயக்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. இத்தாலியின் பெரெட்டா கம்பெனி, ஸ்லைடைத் தொடாமலே குழலின் பின்முனையை மேலே நிமிர்த்தி அதில் நேரே தோட்டா இடும் சிறு பிஸ்டல்களைச் செய்தது. இவை நம் நாட்டுக் குடிமகனுக்குக் கிட்டுபவை அல்லவாயினும், கையின் குறைக்கு ஏற்பக் கருவியை மாற்றலாம் என்ற தத்துவத்துக்குச் சாட்சியங்கள்.

ரிவால்வரிலோ சிக்கல் மிகக் குறைவு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் போதும். அடுத்த தோட்டா தானே எதிரே வந்து நிற்கும். தோட்டா உள்ளே இருக்கிறதா என்பது உருளையைத் திறந்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும்; மூப்பினால் மறதியும் உடையவர்க்கு இது சாமானியமான நன்மையன்று. ஆதலால் டிரிக்கர் இழுவிசை என்னும் ஒரு தடையைக் கடக்க முடிந்த கைக்கு ரிவால்வரே உகந்தது.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் தருவன

கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை செய்துவரும் .32 ரிவால்வர், பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வரின் வழிவந்தது. தாழைக் கட்டைவிரலால் விடுவித்துக் குழலைக் கீழே மடக்கினால், வெடித்த ஆறு உறைகளும் ஒருசேர மேலெழும்பி வெளிப்படும். கட்டைவிரல் நலிந்தவருக்கு அந்தத் தாழ் ஒன்றே கவனத்துக்குரியது. 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை, டைட்டானியம் கலந்த உலோகத்தால், சுமார் 500 கிராம் எடையில், பெண்களை உத்தேசித்து 'நிர்பீக்' என்னும் ரிவால்வரை வெளியிட்டது. 2012-இல் டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பின் தேசத்தை உலுக்கிய உணர்ச்சியின் விளைவு அது. விலை அன்றைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .22 அளவில் 250 கிராம் மட்டுமே எடையுள்ள 'நிடர்' என்னும் ரிவால்வரைத் தந்தது. .32 அளவில் 'அஷானி' என்னும் பிஸ்டலும் அரசாங்கத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொழிற்சாலைகள் புதிய கம்பெனிகளாக மாற்றியமைக்கப்பட்ட பின், கான்பூரில் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்னும் ரிவால்வர் வெளிவந்தது. உருளை பக்கவாட்டில் வெளிவரும் அமைப்பும், 700 கிராம் எடையும், 76 மில்லிமீட்டர்க் குழலும் உடையது அது.

இவற்றை நாம் மேலே கண்ட அளவுகோல்களால் நிறுத்துப் பார்ப்போம். நிர்பீக் கைப்பையில் சுமப்பதற்கு இலேசு. சுடுவதற்கு அதே இலேசு பாரமாகிறது. பெண்ணுக்கு இலேசானதே ஏற்றது என்ற அனுமானத்தின் மேல் அது எழுந்தது. பெண்ணின் கைக்குத் தேவைப்படுவது சிறிய பிடியும், எட்டும் தூரத்தில் அமைந்த, மெல்ல இழுபடும் டிரிக்கருமே என்பது அந்த அனுமானத்தில் மறைந்துபோயிற்று. நிடரின் .22 தோட்டா உதைப்பில் மிகச் சாதுவானது. ஆனால் 250 கிராம் என்னும் எடை அந்தச் சாதுத்தன்மையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அன்றியும் .22 தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. அந்த விளிம்பை நசுக்கச் சுத்தியல் பலமாகத் தாக்க வேண்டியிருப்பதால், .22 ரிவால்வர்களின் டிரிக்கர் பொதுவாக .32-ஐவிடக் கனமாகவே அமைகிறது. வெடிக்காமற்போகும் தோட்டாக்களும் அந்த வகையில் சற்று அதிகம். சிறிய தோட்டா, ஆகவே எளிய ஆயுதம் என்று நம்பி வாங்கியவர் இதை அறிந்து ஏமாற்றம் அடைவதுண்டு. எழுநூறு கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள .32 ரிவால்வர், கையை நிறைக்கும் ரப்பர்ப் பிடியோடு, மூன்று அங்குலத்துக்குக் குறையாத குழலோடு அமையுமானால், நம் நாட்டில் கிட்டுவனவற்றுள் மெலிந்த கைக்கு அதுவே தகுதியானது. உருளை பக்கவாட்டில் திறப்பதா, குழல் மடிவதா என்பதை வாங்குபவரின் கட்டைவிரலே தீர்மானிக்கட்டும்.

விளம்பரங்களில் எடை, நீளம், எட்டும் தூரம் ஆகியவை முன்னே நிற்கின்றன. டிரிக்கரின் இழுவிசை முன்னே நிற்பதில்லை. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய எண் அதுவே. தோட்டா இல்லாத துப்பாக்கியை, விற்பவரின் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடித்துப் பத்து முறை தொடர்ந்து டிரிக்கரை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது முறையும் வாய் தாழாமல் நின்றால் ஆயுதம் கைக்கு இசைந்தது. நான்காவது முறையிலேயே விரல் சோர்ந்தால் அது தமக்குரியதன்று என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பழக்கமும் வரம்பும்

தகுந்த ஆயுதம் அமைந்தாலும் பழக்கமில்லாவிட்டால் பயனில்லை. பிறவியிலேயே வலக்கை குறைபாடுடைய மணீஷ் நர்வால், இடக்கையால் சுட்டு, 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார்; குறையுள்ள உடலும் முறையான பயிற்சியால் எய்தக்கூடிய நிலைக்கு அவர் சிறந்த நிதரிசனம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் லைசென்ஸ் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று பெற வேண்டும் என்று விதித்திருப்பது வெறும் சம்பிரதாயம் ஆகிவிடலாகாது. மதுரை, கோவை, சென்னை முதலிய நகரங்களின் ரைபிள் கிளப்புகளில், அறிந்தவர் மேற்பார்வையில், காதுக்கும் கண்ணுக்கும் காப்பணிந்து பழகுவதே தக்க வழி. வீட்டில் போலித் தோட்டாக்களை இட்டு .32 ரிவால்வரின் டிரிக்கரைப் பழகலாம்; .22-ஐ வெறுமனே இயக்கினால் ஊசி உருளையின் விளிம்பில் மோதிச் சேதமடையக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ரப்பர்ப் பந்தைப் பிசைவது போன்ற எளிய தேகப்பயிற்சியையும், வலியிருந்தால் மருத்துவரின் ஆலோசனையோடு, மேற்கொள்ளலாம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான வரம்பைச் சொல்லியாக வேண்டும். தோட்டா இடுதல், அதை முழுதும் வெளியேற்றுதல், டிரிக்கரை நிதானமாக இழுத்தல், உதைப்புக்குப் பின்னும் பிடி நழுவாமல் காத்தல் ஆகிய நான்கில் ஒன்றேனும் தம்மால் துணையின்றி இயலாதவர், எவ்வளவு சௌகரியமான கைத்துப்பாக்கியாயினும் அதை வைத்துக்கொள்ளலாகாது. தாமே காலி செய்ய முடியாத ஆயுதம் வீட்டில் இருப்பது திருடனைவிடக் குடும்பத்துக்கே ஆபத்து. குழந்தையின் கைக்கும், துயரத்தில் ஆழ்ந்தவரின் கைக்கும், கோபத்தில் நிதானம் இழந்தவரின் கைக்கும் எட்டாதபடி, ஆயுதத்தையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைக்க இயலாதவருக்கும் இதே தீர்ப்புப் பொருந்தும். தற்காப்புரிமை நம் தண்டனைச் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமைதான். ஆனால் அபாயத்துக்கு மிஞ்சிய பலத்தைப் பிரயோகிப்பதை அதே சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. உறுதியான கதவும், வெளிச்சமான முற்றமும், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் அண்டை வீட்டாரும் தோட்டத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்குத் தரும் காவல் சாமானியமானதன்று.

சட்டமும் இந்த நிலையை முன்னுணர்ந்து ஒரு கண்ணியமான வழியைத் திறந்து வைத்திருக்கிறது. எழுபது வயது நிரம்பியவரோ, இருபத்தைந்து ஆண்டு ஆயுதத்தை வைத்திருந்தவரோ, எது முந்துகிறதோ அதன்படி, தம் ஆயுதத்தைத் தகுதியுள்ள சட்டபூர்வமான வாரிசுக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. லைசென்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வைத்தியர் கண்ணையும் மனநிலையையும் பரிசோதிப்பதோடு, பிடிவலுவையும் ஆள்காட்டி விரலின் வலுவையும் அளந்து குறிப்பாரானால், அரசாங்கத் தொழிற்சாலைகள் டிரிக்கரின் இழுவிசையை எடையோடு சேர்த்து அச்சிட்டுத் தருமானால், தேர்வு பெரும்பாலும் தானே நேர்ப்பட்டுவிடும். அதுவரையில், எடை மிகுந்த, சாதுவான தோட்டாவுடைய, டிரிக்கர் இணங்கும் ரிவால்வரைத் தேடுவதும், அதுவும் இணங்காத நாளில் ஆயுதத்தைக் கைமாற்றிவிட்டுக் கதவின் தாழையும் அயலாரின் துணையையும் பலப்படுத்திக்கொள்வதுமே விவேகம் உடையோர் செய்யத்தக்கது.